பெட்டிப் பெயரை நம்பி கார் பார்ட்ஸ் வாங்காதீர்கள்

கடையில் போய் "ஒரிஜினல் கொடுங்க" என்று கேட்காதீர்கள். கார் கம்பெனி பெட்டியில் வருவதும் ஒரிஜினல், அந்தக் கம்பெனிக்குச் சப்ளை செய்பவர் தன் சொந்தப் பெட்டியில் விற்பதும் ஒரிஜினல், சில கவுண்டர்களில் நல்ல டூப்ளிகேட்டையும் ஒரிஜினல் என்றுதான் சொல்வார்கள். பார்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். கழற்றிய பாகத்திலேயே நம்பர் இருக்கும். ஆனால் அதுவே முன்பு யாரோ மாற்றிப் போட்டதாக இருக்கலாம். அதனால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 இலக்க சேஸிஸ் நம்பரை டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் கொடுத்துச் சரிபார்ப்பதே உறுதி.

அடுத்து, பெட்டியின் பொடி எழுத்து. 'மாருதி' பெரிதாகவும், அதன் மேல் 'சூட்டபிள் ஃபார்' (இதற்குப் பொருந்தும்) கடுகளவிலும் இருந்தால் அது மாருதி சாமான் இல்லை. தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், ஆண்டு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். இவை இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம்.

ஒரே பெயரில் இரண்டு கம்பெனிகளும் உண்டு. இந்திய எக்ஸைடுக்கும் அமெரிக்க எக்ஸைடுக்கும் சம்பந்தமில்லை. அங்கே எழுதிய ரிவ்யூவைப் படித்து இங்கே பேட்டரி எடுக்காதீர்கள்.

பிராண்டு மாற்றும்போது அதிகம் ஏமாற்றுவது ஸ்பார்க் பிளக். பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்பதைக் காட்டுவது ஹீட் ரேஞ்ச் எண்; வேகமாக வெளியேற்றினால் குளிர்ச்சியான பிளக், மெதுவாக என்றால் சூடான பிளக். என்.ஜி.கே., டென்சோ பிராண்டுகள் இரண்டிலும் இந்த எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. பாஷில் எண் கூடினால் சூடு. என்.ஜி.கே. 6-க்கு டென்சோவில் 20, பாஷில் ஏறக்குறைய 7. என்.ஜி.கே. 5 இருந்த இடத்தில் 'அதே நம்பர்' என்று பாஷ் 5 போட்டால், அது அதிகக் குளிர்ச்சி என்பதால் கரி படிந்து மிஸ்ஸிங் (இன்ஜின் திக்குவது) வரும். நல்ல பிராண்டுதானே என்று யாரும் பிளக்கைச் சந்தேகிக்க மாட்டார்கள். இக்னிஷன் காயிலை மாற்றிக் காசைக் கரைப்பார்கள்.

ஆயில் ஃபில்டரில் ஆபத்து மரையில். எம்20×1.5 மரை (20 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி) உள்ள ஃபில்டர், 3/4 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 மரையும் உள்ள ஸ்டட்டிலும் (இன்ஜினில் ஃபில்டர் திருகப்படும் தண்டு) ஏறிவிடும். ரப்பர் உட்கார்ந்ததும் டைட் ஆனதுபோலத் தோன்றும். ஆயில் பிரஷர் ஏறும்போது லீக் ஆகலாம், கழன்றும் போகலாம். ரப்பர் தொடுவதற்கு முன் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். வழக்கத்துக்கு மேல் லொடலொடத்தால் திருப்பிக் கொடுங்கள். அதற்காகவே பில்லில் பிராண்டோடு பார்ட் நம்பரையும் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.