1861ஆம் ஆண்டின் தளபதிகளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் ஆண்டைப் பற்றிப் பேசும் பலர், தளபதிகளின் பிற்காலப் புகழை மனத்தில் வைத்துக்கொண்டே 1861க்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். முதலில் தவிர்க்க வேண்டியது இதுவே. அந்த ஆண்டின் இறுதியில், பின்னாளில் புகழ்பெற்ற தெற்குத் தளபதி ராபர்ட் லீ, மேற்கு வர்ஜீனியாவின் சீட் மலைப் பகுதியில் தோற்றுத் திரும்பி, 'கிழவி லீ' என்று ஏளனம் செய்யப்பட்டவர். பின்னாளில் புகழ்பெற்ற வடக்குத் தளபதி ஷெர்மன் கென்டக்கிப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தார். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று சின்சினாட்டி நாளிதழ் ஒன்று அச்சிட்டது. வடக்கின் இன்னொரு தளபதி மெக்லெல்லனோ 'இளம் நெப்போலியன்' என்று கொண்டாடப்பட்டார். அன்றைய மக்களை இதற்காகக் குறை சொல்வது நியாயமல்ல. அவர்கள் கையில் இருந்த சான்று அவ்வளவுதான்.

ஆனாலும் அந்தச் சான்றையே சற்றுக் கூர்ந்து படித்திருக்கலாம். மெக்லெல்லனுக்குப் பெயர் வாங்கித் தந்த ரிச் மலை வெற்றியில், எதிரியைப் பக்கவாட்டில் சுற்றிவளைத்துத் தாக்கியவர் அவருக்குக் கீழிருந்த தளபதி ரோஸ்கிரான்ஸ். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் முன்புறமிருந்து தாக்குவதாக இருந்த மெக்லெல்லன் தாக்கவே இல்லை. எதிரியின் எண்ணிக்கையை மிகையாக நம்பி 1862இல் அவர் காட்டிய தயக்கத்தின் சாயல் அங்கேயே தெரிகிறது. வெற்றியா தோல்வியா என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புலப்படாது.

படைகளை மதிப்பிடுவதில் நேரும் தவறு இதைவிடப் பெரியது. 1861 ஜூலை 21 அன்று புல் ரன் ஓடையருகே வடக்குப் படை சிதறி ஓடியதைக் கொண்டு, வடக்கத்தியர் கோழைகள், தெற்கத்தியர் பிறவிப் போர்வீரர்கள் என்ற கதை பிறந்தது. சுமார் 35,000 பேரை நடத்திச் சென்ற வடக்குத் தளபதி மெக்டவல் அதற்கு முன் களத்தில் எந்தப் படைக்கும் தலைமை தாங்கியதில்லை. 1847இல் மெக்சிகோவுடனான போரில் மெக்சிகோ நகரை நோக்கி அமெரிக்கத் தளபதி ஸ்காட் நடத்திச் சென்ற புகழ்பெற்ற படையிலேயே ஏறத்தாழ 10,000 பேர்தான் இருந்தனர். மூன்று மாதத் தவணைக்குச் சேர்ந்த பென்சில்வேனிய ரெஜிமென்ட் ஒன்று, தவணை முடிந்துவிட்டதென்று போர் நடந்த அன்றே ஊர் திரும்பியது. இத்தனைக்கும் மெக்டவலின் சுற்றிவளைக்கும் திட்டம் நல்ல திட்டமே. ஷெனான்டோவா பள்ளத்தாக்கிலிருந்து தெற்குத் தளபதி ஜான்ஸ்டனின் படைகள் ரயிலில் வந்து சேராமல் இருந்திருந்தால், பிற்பகல் வரை முன்னேறிக்கொண்டிருந்த வடக்குப் படையே வென்றிருக்கக்கூடும் என்பது என் கணிப்பு.

அதே போரில் ஹென்றி குன்றின் மேல் நடந்ததைப் பாருங்கள். நீல உடையணிந்த ஓர் அணி நெருங்குவதைக் கண்ட வடக்கின் கேப்டன் கிரிஃபின், பீரங்கியால் சுட ஆயத்தமானார். அவர்கள் நம் துணைப்படையினர் என்று சொல்லி மேஜர் பாரி தடுத்துவிட்டார். வந்தது தெற்கின் 33ஆம் வர்ஜீனியா ரெஜிமென்ட். அது மிக அருகிலிருந்து ஒரே நேரத்தில் சுட்டதில் பீரங்கிப் படையினர் சரிந்தனர். சீருடையே ஒழுங்குபடாத காலத்தில் நேர்ந்த இந்தக் குழப்பத்தை வீரத்தின் அளவுகோலாக்குவது பிழை. வென்ற தெற்குப் படையும் குலைந்து கிடந்ததால்தான் வாஷிங்டன் வரை துரத்திச் செல்ல முடியவில்லை.

பிடித்தமான தளபதிக்குச் சலுகை காட்டுவதும் தவறே. 1862 ஏப்ரலில் டென்னசியின் ஷைலோவில் வடக்குத் தளபதி கிராண்ட் அரண் எதுவும் அமைக்காமல் முகாமிட்டு, எதிர்பாராத தாக்குதலில் சிக்கினார். மறுநாள் எதிர்த்தாக்குதல் நடத்தி எதிரியைப் பின்வாங்கச் செய்தார். அவரை மதிப்பிடுபவர்கள் இந்த இரண்டு நாட்களையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும்.