‘பின்’ ஆன காய் அசையாது என்று நம்பாதீர்கள்: சதுரங்கம் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சதுரங்கம் பழகத் தொடங்கியவர்கள் ‘பின்’, ‘ஃபோர்க்’ போன்ற சொற்களை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் சொல் தெரிந்ததுமே கணக்கிடுவதை நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் ‘பின்’னை எடுத்துக்கொள்வோம். ஒரு காய் நகர்ந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய காய் தாக்குதலுக்கு உள்ளாகும் நிலைதான் அது. பின்னால் இருப்பது ராஜா என்றால், அவரைச் செக்கில் விடும்படி நகர விதியே இடம் தராது. ராணி என்றால் நகரத் தடை ஏதும் இல்லை. இந்த வேறுபாட்டை மறப்பவர் எப்படி வீழ்கிறார் என்பதை, 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆட்டக்காரர் லெகால் பெயரால் வழங்கும் செக்மேட்டில் பார்க்கலாம். இரு தரப்பும் ராஜா முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகின்றன. அடுத்து வெள்ளைக் குதிரை எஃப்3 (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை), கறுப்புச் சிப்பாய் டி6. வெள்ளை மந்திரி சி4, கறுப்பு மந்திரி ஜி4. மற்றொரு வெள்ளைக் குதிரை சி3, கறுப்புச் சிப்பாய் ஜி6. எஃப்3 குதிரை ராணியை மறைத்து நிற்பதால் அது அசையாது என்று கறுப்பு நம்புகிறது. அந்தக் குதிரையோ இ5 சிப்பாயை வெட்டுகிறது. ஆசைப்பட்டு ராணியை வெட்டினால், மந்திரி எஃப்7இல் வெட்டிச் செக் கொடுக்கும். ராஜாவுக்கு இ7 தவிர வேறு கட்டம் இல்லை. சி3 குதிரை டி5க்கு வந்ததும் செக்மேட். ராணியை விட்டுவிட்டு டி6 சிப்பாயால் குதிரையை வெட்டியிருந்தால், வெள்ளை ராணி ஜி4 மந்திரியை வெட்டும். கறுப்புக்கு ஒரு சிப்பாய் நட்டத்தோடு போயிருக்கும். எதிராளியின் பெரிய காய் இலவசமாகக் கிடைக்கும் கணத்தில்தான் மிகவும் நிதானம் தேவை.

‘பின்’ ஆன காயைக் கண்டதும் அவசரப்பட்டு வெட்டிவிடுவது இன்னொரு பிழை. அது ராஜாவை மறைத்து நிற்கும் குதிரை என்றால், நகரவே முடியாத அதன் மீது ஒரு சிப்பாயை ஏவிப் பாருங்கள். பல வேளைகளில் குதிரை முழுதாகக் கைக்கு வரும். அதே சமயம், ‘பின்’ ஆன காய் காக்கும் கட்டத்தில் உங்கள் ராஜாவை வைக்க விதி அனுமதிக்காது.

ஒரே காய் இரண்டு காய்களை ஒருசேரத் தாக்கும் ஃபோர்க்கில், குதிரையின் திரும்பும் வழியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். சி7இல் செக் கொடுத்து, ஏ8 யானையை வெட்டிய குதிரை, அந்த மூலையிலேயே அகப்பட்டுச் சாவதுண்டு. யானைக்கு 5 புள்ளி, குதிரைக்கு 3 என்பதால் அப்போதும் லாபமே. ஆனால் குதிரை மீளாது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இந்தப் புள்ளிக் கணக்கும் சில நேரம் ஏமாற்றும். தொடக்கத்திலேயே எஃப்7இல் மந்திரி, குதிரை இரண்டையும் கொடுத்து ஒரு யானையையும் ஒரு சிப்பாயையும் பெறுவது (மந்திரிக்கும் 3, சிப்பாய்க்கு 1) 6க்கு 6 என்று சமமாகத் தெரியும். உண்மையில் களத்தில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்த இரு காய்கள் போய்விடுகின்றன. உங்கள் யானைகளோ இன்னும் மூலையில் உறங்குகின்றன. இந்தப் பரிமாற்றத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வெற்றி உறுதியான ஆட்டமும் கை நழுவலாம். கறுப்புக்கு ஏ8இல் ராஜா மட்டுமே மிஞ்சியிருக்கும்போது வெள்ளை ராணியை பி6இல் வைத்தால், செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட் ஆகி ஆட்டம் டிராவில் முடியும். ராணியை வைக்கும் முன், எதிர் ராஜாவுக்கு எந்தக் கட்டம் மிச்சம் இருக்கிறது என்று விரலை வைத்தாவது எண்ணிப் பாருங்கள்.