நடிக்க வர்ற பொண்ணுங்க பண்ற தப்புங்க: நாடகம், சீரியல், சினிமா

"ரெண்டு வருஷம் சீரியல்ல முகம் காட்டுனா போதும், அப்புறம் சினிமாதான்"னு கணக்கு போட்டு சென்னைக்கு வர்றவங்கள நிறைய பாத்துட்டேன். தெய்வமகள் சீரியல்ல வந்த வாணி போஜன் படம் பண்ணலயா, நியூஸ் வாசிச்ச பிரியா பவானி சங்கர் சீரியல் பண்ணி 2017ல மேயாத மான்ல ஹீரோயின் ஆகலயான்னு கேப்பாங்க. ஆனாங்கதான். ஆனா 1978ல கிழக்கே போகும் ரயில்ல ஹீரோயினா வந்த ராதிகா மேடம் 1999ல சித்தி சீரியலுக்கு வந்தாங்க, அதுவும் சொந்த கம்பெனி ராடான் தயாரிப்பு. இது மேல போற மாடிப்படி இல்லங்க, மூணும் மூணு தொழில். ஒண்ணுல பழகுன கைய அப்படியே இன்னொண்ணுக்கு தூக்கிட்டு போறப்பதான் அடி விழுது.

நான் நாடகத்துலேருந்து வந்தவ. மேடையில கடைசி வரிசைக்கு கேக்கணும்னு அடிவயித்துலேருந்து பேசி பழக்கம். சீரியல்ல முதல் நாள் க்ளோஸ்-அப் ஷாட்ல அதே மாதிரி பேசி புருவத்த வேற தூக்குனேன், கேமராமேன் தலைய வெளிய நீட்டி "ஏம்மா, நான் இங்கதான்மா இருக்கேன்"னாரு. யூனிட்டே சிரிச்சிடுச்சு. அதுக்காக நாடகமே வேணாம்னு சொல்லல, ந. முத்துசாமி 1977ல ஆரம்பிச்ச கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுவிலேருந்து நடிகை கலைராணி மாதிரி ஆளுங்க வந்திருக்காங்க, உடம்பையும் மூச்சையும் மேடை மாதிரி எதுவும் பழக்காது. கேமரா எவ்ளோ தள்ளி இருக்குன்னு பாத்து அளவ குறைக்கணும், அவ்ளோதான்.

சீரியல்காரங்க தப்பு வேற, அதுதான் ரொம்ப மோசம். ப்ராம்ப்டிங். கேமராக்கு பின்னாடி நின்னு அசிஸ்டென்ட் வரி வரியா படிப்பாரு, நாம கேட்டு அப்படியே சொல்லுவோம், டப்பிங் இருக்குல்ல, எந்த பிரச்சனையும் இல்ல, ஒரே நாள்ல ஏழெட்டு சீன் ஓடிரும். ஆறு மாசத்துல மனப்பாடம் பண்ற பழக்கமே போயிடும். அதவிட கண்ணு கெட்டுப்போயிடும், எதிர்ல இருக்கறவங்க பேசும்போது கேக்கவே மாட்டோம், நம்ம வரிக்காக காது அசிஸ்டென்ட் பக்கமே இருக்கும், கண்ணுல அந்த அரை செகண்ட் முழிப்பு அப்படியே தெரியும். லைவ் சவுண்ட் படத்துல, அதாவது நடிக்கும்போதே குரலையும் பதிவு பண்ற படத்துல, ப்ராம்ப்ட் கொடுக்க யாரும் இருக்க மாட்டாங்க. அதனால சீன் பேப்பர் லேட்டா வந்தாலும் மேக்கப் போடும்போதே வாங்கி படிச்சிடுங்க, எனக்கு நானே டப்பிங் பேசறேன்னு கேளுங்க. வேற ஒருத்தங்க குரல்லயே அஞ்சு வருஷம் நடிச்சா உங்க குரல் எப்படி இருக்கும்னு எந்த டைரக்டருக்கும் தெரியாது.

அப்புறம் காமெடி வேஷம், அக்கா வேஷம் வந்தா முகத்த திருப்பறது. நாடக மேடையிலேருந்து வந்த மனோரமா ஆச்சிக்கு 1958ல மாலையிட்ட மங்கைல முதல் தமிழ்ப் படமே காமெடி வேஷம்தான். அத வேணாம்னு விட்டிருந்தா அந்த ஆயிரம் படம் எங்கேருந்து வந்திருக்கும்?

ஆடிஷனுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்டா செருப்ப மாட்டிட்டு கிளம்பிடுங்க, அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. போட்டோ விஷயத்துல ஒண்ணு, எடிட் பண்ணி எடுத்துட்டு போனா நேர்ல பாக்கறவரு "இது நீயாம்மா?"ம்பாரு.

காசு விஷயத்துல ரெண்டு. சீரியல்ல சம்பளம் நாள் கணக்கு, அதுவும் இன்னைக்கு நடிச்சதுக்கு இன்னைக்கே வராது. புடவை, கவரிங் நகைன்னு பாதி நம்ம கைக்காசுதான் போகும், அதனால கொஞ்சம் சேத்து வச்சுட்டு இப்போ பாக்கற வேலைய விடுங்க. இன்னொண்ணு அக்ரிமென்ட். மாசம் எத்தன நாள் கால்ஷீட், வெளிப்படம் பண்ணலாமா, யார்கிட்ட கேக்கணும், இத படிக்காமதான் நான் கையெழுத்து போட்டேன். நல்ல படம் ஒண்ணு வந்துச்சு, பத்தே நாள்தான் கேட்டாங்க. சீரியல்ல அப்போ எனக்கு வளைகாப்பு. விட முடியாதுன்னுட்டாங்க. அந்த வளைகாப்பு எட்டு எபிசோடு ஓடுச்சு.