நல்ல ராட்செட்டைக் கடையிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

வேகன் ஆரில் ஸ்பார்க் பிளக் மாற்ற முதன்முதலாக நானே இறங்கிய ஞாயிற்றுக்கிழமை அது. பானெட்டைத் திறந்து, இக்னிஷன் காயிலைப் பிடித்திருக்கும் 10 மி.மீ. போல்ட்டில் சாக்கெட்டை (போல்ட் தலையைக் கவ்வும் குழாய்) மாட்டி, அதைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டை ஒரு அழுத்து அழுத்தினேன். 'டக்'கென்று இளகிவிட்டது. அத்தோடு வேலை நின்றது. கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் போல்ட் கொஞ்சம் வெளியே வருகிறது. கைப்பிடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் போல்ட்டும் கூடவே திரும்பி உள்ளே போகிறது. முன்னே கால் சுற்று, பின்னே கால் சுற்று. ஐந்து நிமிடம் ஆட்டிப் பார்த்துவிட்டு, ராட்செட்டைக் கீழே வைத்து விரலாலேயே திருகி எடுத்தேன்.

அந்த ராட்செட்டில் எதுவும் உடையவில்லை, பல்லும் நழுவவில்லை. 46 பீஸ் பெட்டியில் பளபளவென்று படுத்திருந்த புத்தம்புதுச் சாமான். பிறகுதான் புரிந்தது: ராட்செட்டின் தரம் முறுக்குகிற பக்கம் அவ்வளவாகத் தெரியாது, சும்மா திரும்பி வருகிற பக்கம்தான் தெரியும். வாங்கும்போது நாம் அதைப் பார்ப்பதே இல்லை. கனமாக இருக்கிறதா, மின்னுகிறதா, எத்தனை சாக்கெட் கூட வருகிறது என்றுதான் பார்க்கிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது?

சைக்கிள் ஃப்ரீவீல் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தால் போதும். தலைக்குள் ஒரு பல் சக்கரம். அதன் மேல் ஒரு சின்ன இரும்புத் துண்டு, கதவுத் தாழ் மாதிரி. அந்தத் தாழைப் பல்லோடு அழுத்திக்கொண்டு ஒரு ஸ்பிரிங். ஒரு பக்கம் திருப்பினால் தாழ் பல்லில் மாட்டிக்கொண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும். மறுபக்கம் திருப்பினால் பல்லின் மேல் ஏறி ஏறி இறங்கும். அந்த 'டிக்டிக்' சத்தம் இதுதான். தலைக்குப் பின்னால் இருக்கும் சின்ன லீவர் தாழைத் திசை மாற்றிவிடும்.

தாழ் பல்லின் மேல் ஏறி இறங்கவும் கொஞ்சம் விசை வேண்டும் அல்லவா? அதைப் பின் இழுவை என்று வைத்துக்கொள்வோம். இளகிய போல்ட்டின் மரையில் இருக்கும் பிடிப்பு, இந்தப் பின் இழுவையை விடக் குறைந்துவிட்டால் ராட்செட் போல்ட்டையும் கூட இழுத்துக்கொண்டு வரும். என் காயில் போல்ட்டில் நடந்தது அதுவே.

முதல் படி: எந்த அளவு?

சாக்கெட் மாட்டும் சதுரக் கட்டையின் அளவை வைத்துத்தான் ராட்செட்டைச் சொல்வார்கள். காருக்கு மூன்று அளவுகள் போதும்: கால் இஞ்ச் (6.35 மி.மீ.), 3/8 இஞ்ச் (9.5 மி.மீ.), அரை இஞ்ச் (12.7 மி.மீ.).

கால் இஞ்ச், டேஷ்போர்டு ஸ்க்ரூ, ஏர் ஃபில்டர் கிளாம்ப் போன்ற சில்லறை வேலைக்கு. அரை இஞ்ச், சக்கரம், சஸ்பென்ஷன், பிரேக் காலிப்பர் மாதிரி முரட்டு வேலைக்கு. இன்ஜின் பக்கத்தில் நாம் தொடும் 10, 12, 14 மி.மீ. போல்ட்களுக்கெல்லாம் 3/8தான் சரியான ஜோடி. தலை சின்னது, கை நுழையாத இடத்திலும் போகும்.

நம் ஊர்க் கடைகளில் கேட்டதும் கிடைப்பது அரை இஞ்ச். 3/8 கேட்டால் சில கடைகளில் "அரையே எடுத்துக்கோங்க சார், எல்லாத்துக்கும் ஆகும்" என்பார்கள். ஆகாது. அரை இஞ்ச் ராட்செட்டால் 10 மி.மீ. போல்ட்டை இறுக்கும்போது கைக்கு ஒன்றும் தெரியாது. போல்ட் தலை துண்டாகிக் கையோடு வரும்போதுதான் தெரியும். அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரை கொண்ட ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டியது 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு), 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 போதும். இதற்கு எதற்கு இரும்புலக்கை? முதல் ராட்செட்டாக 3/8 வாங்குங்கள். சென்னைக்காரர்கள் பாரிமுனைப் பக்கம் ஒரு நடை போனால் தேடிப் பிடித்துவிடலாம். மற்றவர்களுக்கு ஆன்லைன் இருக்கிறது. அடாப்டர் போட்டு அளவு மாற்றுவது அவசரத்துக்கு மட்டும்.

இரண்டாம் படி: பல் கணக்கு

பெட்டியில் 24, 36, 45, 72, 90 என்று எண் போட்டிருக்கும். 360-ஐ அந்த எண்ணால் வகுத்தால், அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடி எத்தனை டிகிரி நகர வேண்டும் என்பது வரும். 24 பல் என்றால் 15 டிகிரி, 72 என்றால் 5 டிகிரி. கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. 25 செ.மீ. கைப்பிடியின் நுனியில் அளந்து பாருங்கள்: 24 பல்லுக்கு நுனி ஆறரை செ.மீ. நகர வேண்டும், 72 பல்லுக்கு இரண்டே கால் செ.மீ.க்கும் குறைவு. ஆல்டர்னேட்டருக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் நடுவே கையை விட்டவர்களுக்கு அந்த நாலு செ.மீ. எவ்வளவு பெரிய நிலப்பரப்பு என்று தெரியும்.

அதற்காக 120 பல் என்று கண்டதும் பணத்தை எடுக்க வேண்டாம். பல் கூடினால் ஒவ்வொரு பல்லும் சின்னதாகும்; எஃகும் வேலைப்பாடும் சுத்தமாக இல்லையென்றால் நழுவும். சில கம்பெனிகள் 36 பல் சக்கரத்தில் இரண்டு தாழ்களை அரைப் பல் தள்ளி வைத்து 72 என்று கணக்குக் காட்டுவார்கள். ஏமாற்று வேலை இல்லை, நல்ல உத்திதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு தாழ்தான் பாரம் சுமக்கும். முதல் ராட்செட்டுக்கு என் தேர்வு 72 பல். 45 பல்லில் உருப்படியான ஒன்று கிடைத்தால், பெயர் தெரியாத 90-ஐ விட அதையே எடுப்பேன்.

மூன்றாம் படி: கடையில் நின்று செய்யும் சோதனை

இதற்கு ஒரு 10 மி.மீ. சாக்கெட் வேண்டும். வீட்டில் இருந்தால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

சாக்கெட்டை ராட்செட்டில் மாட்டுங்கள். இடது கையின் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் சாக்கெட்டை மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள். பூ பறிக்கிற பிடி, அவ்வளவுதான். வலது கையால் கைப்பிடியை 'டிக்டிக்' வரும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். சாக்கெட் விரலுக்குள் அசையாமல் நின்றால் நல்ல சரக்கு. விரலை உருட்டிக்கொண்டு சாக்கெட்டும் சுற்றினால், காருக்குள் போல்ட்டும் அப்படித்தான் சுற்றும். லீவரை மாற்றி மறு திசையிலும் பாருங்கள். ஒரு பக்கம் வெண்ணெய், மறு பக்கம் மணல் என்று இருக்கும் ராட்செட்களை நானே கையில் பிடித்திருக்கிறேன்.

புதுச் சாமானில் கெட்டி கிரீஸ் அப்பியிருந்தாலும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். இருபது முப்பது முறை சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் இறுக்கமென்றால் கிரீஸ் மேல் பழி போடாதீர்கள்.

அடுத்து, சாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முறுக்கும் திசைக்கும் எதிர்த் திசைக்கும் மயிரிழை மயிரிழையாக ஆட்டுங்கள். பல் பிடிப்பதற்கு முன் வெறுமனே ஆடும் தூரம் எவ்வளவு? 72 பல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஆட்டம் அதிகமிருந்தால் அந்த 5 டிகிரி காகிதத்தில் மட்டுமே. சதுரக் கட்டையை மேலும் கீழும் அசைத்தும் பாருங்கள். தலைக்குள் லொடலொட என்றால் கீழே வையுங்கள்.

திசை மாற்றும் லீவரை ஒரே கையின் கட்டை விரலால் மாற்ற முடிய வேண்டும். ஆனால் தொட்டதும் மாறிவிடவும் கூடாது. பக்கத்துக் குழாயில் உரசி லீவர் பாதி வழியில் நின்றால் தாழ் பல்லை முழுதாகப் பிடிக்காது; அந்த நேரத்தில் அழுத்தினால் விரல் முட்டி பேட்டரி பிராக்கெட்டில் போய் இடிக்கும். என் வலது கை நடுவிரலில் அதற்கான தழும்பு இன்னும் இருக்கிறது.

தலையின் வடிவத்தில் இரண்டு ஜாதி. ஒன்று பேரிக்காய் மாதிரி ஒடுங்கியது, பின்னால் சின்ன லீவர். மற்றது வட்டத் தலை. பின்பக்கத் தட்டையே திருகித் திசை மாற்றுவது. எண்ணெய்க் கையால் திருக வட்டத் தலை சிரமம். ஒடுங்கியதே தொடங்குகிறவர்களுக்கு வசதி. கழுத்து மடங்கும் ராட்செட் பார்க்க ஆசையாக இருக்கும். அது இரண்டாவதாக வாங்க வேண்டியது. மூட்டு இருக்கிற இடமெல்லாம் ஆட்டம் வரும். கைப்பிடியில் ரப்பர் உறை இருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். மட்ட ரப்பர் ஒரு வருடத்தில் இன்ஜின் ஆயில் குடித்துப் பிசுபிசுக்கும். வெறும் எஃகுக் கைப்பிடியைத் துணியால் துடைத்தால் முடிந்தது.

தலைக்குப் பின்னால் நடுவில் ஒரு பொத்தான் இருந்தால் நல்லது. அழுத்தினால் சாக்கெட் தானாக விழும். இந்தச் சின்னப் பொத்தானுக்குப் பெரிய கதை உண்டு. 1960-களில் அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற பதின்வயது இளைஞர் கண்டுபிடித்தது இது. 10,000 டாலருக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார். அது எவ்வளவு விற்கிறது என்று பின்னால் தெரிந்ததும் 1969-ல் வழக்குப் போட்டார். 1989-ல் 82 லட்சம் டாலருக்குச் சமரசமானது. எண்ணெய்க் கையால் சாக்கெட்டைப் பிடுங்கப் போராடியவர்கள் அவர் பக்கம்தான் நிற்பார்கள்.

நான்காம் படி: பெட்டியா, தனியாகவா?

பெட்டியின் விலையில் பெரும்பகுதி சாக்கெட்களுக்குப் போகும். ராட்செட்டில்தான் சிக்கனம் பிடிப்பார்கள். சாக்கெட் வெறும் குழாய், அதில் கோட்டை விடுவது குறைவு. அசைகிற பாகம் இருப்பது ராட்செட்டில் மட்டும். அதனால் சாதாரணப் பெட்டி ஒன்று வாங்கி, 3/8 ராட்செட்டை மட்டும் தனியாக நல்லதாக எடுப்பது என் யோசனை. சாக்கெட் பன்னிரண்டு மூலையில் வேண்டாம், ஆறு மூலையில் எடுங்கள். துருப்பிடித்த போல்ட்டின் தலையை உருட்டாது.

பெயர் வேண்டுமென்றால்: நாசிக்கில் தயாராகும் டபாரியா எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். அதற்கு மேல் ஸ்டான்லி, பஹ்கோ. இன்னும் மேலே போனால் ஜெர்மனியின் வேரா, கெடோர், ஜப்பானின் கோக்கென். விலையைக் கேட்டால் தலை சுற்றும், ஆனால் கோக்கென்னின் பின் இழுவையை ஒருமுறை விரலில் உணர்ந்துவிட்டால் மனது கெட்டுவிடும். 'க்ரோம் வனேடியம்' (உறுதியான கலப்பு எஃகின் பெயர்) என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த எழுத்தைப் பொறிக்க நல்ல எஃகு தேவையில்லை. அதற்குப் பதில் இதைக் கேளுங்கள்: "இதுக்கு ரிப்பேர் கிட் தனியா கிடைக்குமா?" பல் சக்கரமும் தாழும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்கும் ராட்செட் பத்து வருடம் ஓடும்.

ராட்செட்டிடம் கேட்கக் கூடாத வேலை

எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன், நான் சக்கர நட்டில் ராட்செட்டைப் போட்டு அதன் மேல் ஏறி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். "தம்பி, ராட்செட்டு கழட்டறதுக்கு இல்ல. கழண்டத வெளிய எடுக்கறதுக்கு" என்று சொல்லி, தன்னுடைய நீளமான பவர் பாரை (பல் சக்கரம் இல்லாத, சாக்கெட் மாட்டும் கம்பி) கொடுத்தார்.

கணக்கும் அவர் பக்கம்தான். சிறிய கார்களின் சக்கர நட்டுக்கு சுமார் 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 செ.மீ. ராட்செட் நுனியில் அதற்கு 40 கிலோ அழுத்தம் வேண்டும். துருப்பிடித்திருந்தால் இன்னும் அதிகம். 60 செ.மீ. பாரில் 17 கிலோ போதும், தொப்பையைச் சாய்த்தாலே வந்துவிடும். அரை இஞ்ச் ராட்செட் 500 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல் தாங்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 3315 என்ற சர்வதேசத் தர விதி சொல்கிறது. ராட்செட்டில் ஒரு மீட்டர் பைப்பைச் சொருகி 60 கிலோ ஆள் நுனியில் ஏறி நின்றால் 590-ஐத் தொடுகிறது. நல்ல ராட்செட்டே பல்லைக் கொடுத்துவிடும் எல்லை அது. ஆகவே ராட்செட்டோடு ஒரு அரை இஞ்ச் பவர் பாரும் வாங்குங்கள். அதில் பல் சக்கரமும் தாழும் இல்லை, மலிவானதே போதும்.

வாங்கிய பிறகு

வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்தால் பின் இழுவை புதிதுபோல் இருக்கும். சிலவற்றில் பின்னால் இரண்டு ஸ்க்ரூ, சிலவற்றில் சர்க்ளிப் (பாகங்களைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் வளையம்). மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். வீல் பேரிங்கில் வைக்கும் கெட்டி கிரீஸ் கூடவே கூடாது. அந்தப் பிசுக்கில் தாழ் சட்டென்று எழும்பாது; சின்னப் பல் ராட்செட் நழுவ அதுவே காரணமாகும்.

திறக்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தாழ் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பது பிறகு மறந்துபோகும். திறப்பதை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் சின்ன எஃகுக் குண்டும் அரிசி அளவுதான். என்னுடைய குண்டு ஒன்று மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பறந்து போய் மூன்று வருடம் ஆகிறது.