பச்சை அடிப்பதற்கு முன்னால்

போன மாசம் பெருந்துறைப் பக்கம் ஒரு காலேஜுக்குப் போயிருந்தேன். பிளேஸ்மென்ட் ஆபீசராகச் சேர்ந்து ஆறு மாசமே ஆன தம்பி, லேப்டாப்பைத் திருப்பி எக்செல் ஷீட்டைக் காட்டினார். ஆஃபர் வந்த பேரெல்லாம் பச்சை. “எத்தனை பேர் வேலையில சேர்ந்தாங்க தம்பி?” என்றேன். அதற்கு ஷீட்டில் இடமே இல்லை. ஒரு காலத்தில் நான் போட்ட ஷீட்டும் அச்சு அசல் இதேதான்.

பிளேஸ்மென்ட் ஆபீசர்களான நாம் செய்கிற தப்புகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ரெஸ்யூமில் எழுத்துப்பிழை, இன்டர்வியூவுக்கு லேட் என்று பசங்க செய்வதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

ஆஃபர் லெட்டரை வேலை என்று எண்ணுவது

‘ஒருத்தருக்கு ஒரு ஆஃபர்’ என்பது பல காலேஜ்களில் ரூல். மற்றவனுக்கும் வாய்ப்புப் போகட்டும் என்று வைத்ததுதான். ஆனால் என்.ஐ.ஆர்.எஃப். என்கிற மத்திய அரசின் காலேஜ் தரவரிசைக்கு எண்ணிக்கை காட்ட வேண்டிய அவசரத்தில், முதல் ஆஃபர் வந்ததுமே பையன் கணக்கை முடித்துவிடுகிறோம்.

2022 பேட்ச். காங்கேயத்துப் பையன், மெக்கானிக்கல். லேத்தை விட்டு நகர மாட்டான். ஏழாவது செமஸ்டரில் ஒரு ஐடி கம்பெனி ஆஃபர் கொடுத்தது. அப்புறம் கோயமுத்தூர் பம்ப் கம்பெனி ஒன்று டிசைனுக்கு ரெண்டு பேர் கேட்டது. “சார், நானும் உக்காந்துக்கட்டுங்களா?” என்று வந்து நின்றான். “உனக்குத்தான் ஆயிருச்சேப்பா” என்று அனுப்பிவிட்டேன். பம்ப் கம்பெனி என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்கே ஒரு இளக்காரம், எனக்கும் இருந்தது.

படிப்பு முடிந்தது. ஜாயினிங் மெயில் வரவில்லை. அந்தச் சமயத்தில் பல ஐடி கம்பெனிகள் கேம்பஸில் எடுத்தவர்களை மாசக்கணக்கில் காக்க வைத்தன. அதே பிளாஸ்டிக் ஃபைலோடு மாசம் ஒருமுறை வருவான். ஒருநாள் அம்மாவையும் கூட்டிவந்தான். “என்ற பையனுக்கு ஆர்டர் எப்பங்க சார் வரும்?” “வந்துரும்மா” என்றேன். என் ஷீட்டில் அவன் பச்சைதான். பதினோரு மாசம் கழித்து ஆஃபர் ரத்து என்று ரெண்டு வரி மெயில் வந்தது. அதற்குள் பம்ப் கம்பெனிக்காரர்கள் அடுத்த பேட்சை எடுத்துவிட்டார்கள். கடைசியில் குறிச்சி சிட்கோவில் ஒரு சி.என்.சி. மெஷின் ஷாப்பில், பம்ப் கம்பெனி சொன்னதைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தான். நான் அன்றைக்கு அவனை உட்கார விட்டிருக்கலாம்.

ஷீட்டில் ‘சேர்ந்த தேதி’ என்று ஒரு கட்டம் போடுங்கள். அது நிரம்பாமல் பச்சை அடிக்காதீர்கள். ஜாயினிங் தேதி எழுத்தில் வராத ஆஃபருக்கு அந்த ரூலைப் பிடித்துத் தொங்காதீர்கள். காத்திருக்கிறவனிடம் “வரும் வரும்” என்பதற்குப் பதில், நேட்ஸ் என்கிற மத்திய அரசின் அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டம் பற்றிச் சொல்லுங்கள். 1961 அப்ரன்டிஸ் சட்டத்துக்குள் 1973 திருத்தத்திலேயே இன்ஜினியரிங் பட்டதாரிகள் வந்துவிட்டார்கள். ஒரு வருஷப் பயிற்சி, உதவித்தொகை உண்டு. நம்மில் பாதிப்பேர் வாய் திறப்பதே இல்லை.

பி.காம். பொண்ணுக்கும் கோடிங் கிளாஸ்

பி.காம். பொண்ணுக்குக் கோடிங் எதற்கு? பக்கத்திலேயே திருப்பூர், அங்கே மெர்ச்சண்டைசர் வேலை இருக்கிறது. மெர்ச்சண்டைசர் என்றால் பையர் மெயிலுக்குப் பதில், சாம்பிள் அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி என்று நாள் முழுக்க ஓடுகிற வேலை. ஒரு பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் பிடிக்கிறதா இல்லையா என்று அவளே சொல்லிவிடுவாள்.

சி.டி.சி.யைச் சம்பளம் என்று சொல்வது

சி.டி.சி. என்பது ஒரு ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேதான். கைக்கு எவ்வளவு வரும் என்று சொல்லுங்கள்.

ஃபிளெக்ஸில் ‘ஹையஸ்ட் பேக்கேஜ்’

என்.ஐ.ஆர்.எஃப். கேட்பது மீடியன் சம்பளம், அதாவது எல்லார் சம்பளத்தையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது. அதைப் போடுங்களேன்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கம்பெனியில் கொடுக்கச் சொல்வது

கூடவே கூடாது.