முன்பள்ளி முற்றத்துக்கு மணலா, றப்பரா?
வன்னியில் கிரவல் கொட்டி இறுக்கிய முற்றம் கோடையில் சீமெந்துத் தரை மாதிரித்தான், அதில் ஊஞ்சலை நட்டுவிடாதீர்கள். காசு குறைவென்றால் மணலே போதும்: விழக்கூடிய உயரம் 4 அடிக்குள் என்றால் 9 அங்குல ஆழம், சுற்றிவரக் குறைந்தது 6 அடிக்கு மணல் (ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் கூட வேண்டும்), ஆனால் பிள்ளைகள் குதிக்கிற இடத்தில் மணல் விலகிக் குழி விழும் என்பதால் 12 அங்குலம் போட்டு அடிக்கடி நிரவுங்கள், மாரிக்கு முன் வடிகாலும் வெட்டுங்கள். பூனை வேறு வந்து மணலை அசுத்தம் செய்யும்.

றப்பர் ஓடு என்றால் கறுப்பு வேண்டாம், சித்திரை வெயிலில் வெறுங்காலை வைத்தால் தெரியும். எத்தனை அடி விழும் உயரத்துக்குச் சோதித்தது என்ற சான்றிதழையும் கேளுங்கள்.

தண்ணீர் விளையாடும் இடத்துக்குச் சாதாரண றப்பர் சரிவராது. தண்ணீர் உள்ளே இறங்கும், குளோரின் றப்பர் துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பசையை அரிக்கும், பிறகு துகள் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும். நீர் உறிஞ்சாத, வழுக்காத தளம்தான் வேண்டும். மாதிரித் துண்டொன்றை இரவு முழுக்க வாளியில் ஊறவிட்டுப் பாரம் கூடியிருக்கிறதா பாருங்கள்.