ஆள் குறைந்த வார்டில் புதிய செவிலியர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. சேலத்தில் புதிதாகப் பணியில் சேருகிறவர், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், அந்த அளவு ஏட்டோடு நின்றுவிடுவதை முதல் இரவு டியூட்டியிலேயே கண்டுகொள்வார். நாமக்கல், தருமபுரி, ஆத்தூர், ஏற்காட்டு மலைக்கிராமங்கள் என்று நாலா பக்கமிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் ஊர் இது. இந்த நெருக்கடியில் எல்லா வேலையையும் ஒரே அளவாகச் சுருக்கிக்கொண்டு ஓடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. படுக்கை விரிப்பு கசங்கிக் கிடக்கலாம். பதிவேட்டை அழகாகத் திருப்பி எழுதும் வேலை காலை வரை காத்திருக்கலாம். மருந்து கொடுக்கும் இடத்தில் மட்டும் ஒரு நொடியைக்கூட மிச்சம் பிடிக்கக் கூடாது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். சேலத்துப் பெண்கள் வார்டு ஒன்றில் ஒரே நாளில் இரண்டு மாரியம்மாள்கள் இருப்பது அதிசயமில்லை. "மாரியம்மாளா?" என்று கேட்டால், அரைத் தூக்கத்தில் இருக்கும் எந்த அம்மாவும் தலையாட்டிவிடுவார். "உங்க பேர் என்னங்கம்மா?" என்று அவரையே சொல்லவைத்து, கேஸ் ஷீட்டில் உள்ள உள்நோயாளி எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது இன்சுலின். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிகளும் உண்டு, 100 யூனிட் உள்ளவையும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ஸ்டாக் தீர்ந்த இரவில் "இருப்பதில் போடு" என்று யாராவது சொல்லும்போதுதான் விபரீதம் நேர்கிறது. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது கால் மில்லி, அதாவது 25 யூனிட். நோயாளியின் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்குவதற்கு அது போதும்; அவர் வியர்த்து மயங்கிக் கிடப்பதை அயர்ந்த உறக்கம் என்று எண்ணிக் கடந்துபோகும் வாய்ப்பும் உண்டு. குப்பியின் மேல் எழுதியிருப்பதையும் சிரிஞ்சின் மூடியையும் ஒருசேரப் பார்க்காமல் இன்சுலினைத் தொடக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலுக்கு இன்னும் கடுமையான விதி: கலக்காமல் நேராக இரத்த நாளத்தில் செலுத்தவே கூடாது, செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

மூன்றாவது தவறு வெளியே தெரியாதது என்பதால் எளிதில் பழகிவிடும். ஆறு மணி அளவீடுகளை நான்கு மணிக்கே எழுதி வைப்பதும், மூச்சை எண்ணாமலேயே எல்லோருக்கும் 20 என்று நிரப்புவதும் பல வார்டுகளில் சாதாரணமாகிவிட்டன. நோயாளியின் நிலை மோசமாகும்போது முதலில் மாறுகிறவற்றில் ஒன்று மூச்சின் எண்ணிக்கைதான். அதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். மலைப்பகுதியிலிருந்து பாம்புக்கடியோடு வருகிறவரிடம் இதன் அருமை புரியும். தரையில் படுத்துறங்கியவரைக் கட்டுவிரியன் கடித்திருந்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. பல்லின் தடம்கூடத் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து இமை சரியும், பிறகு மூச்சுத் தசைகள் தளரும். அவரை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிக் குறித்துக்கொண்டே வர வேண்டும். சற்று முன் 20 வரை எண்ணியவர் இப்போது 12-இல் நிறுத்தினால், "தூங்கட்டும் விடுங்க" என்று உறவினர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிராமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

அழைப்பதற்கே தயங்குகிறவர்கள் ஏராளம். அகாலத்தில் எழுப்பினால் திட்டு விழும் என்ற அச்சம் நியாயமானதே, திட்டும் விழக்கூடும். அதற்காக அழைக்காமல் இருக்க முடியாது. "ஒரு மாதிரியா இருக்காங்க சார்" என்று தொடங்காமல், படுக்கை எண், நோய், இரத்த அழுத்தம், எப்போதிலிருந்து என்ன மாறியது என்று வரிசையாகச் சொன்னால் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். போனில் சொல்லப்படும் மருந்தையும் அளவையும் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, மருத்துவர் வார்டுக்கு வந்ததும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அதேபோல், பழகாத வென்டிலேட்டரையோ டயாலிசிஸ் இயந்திரத்தையோ ஆளில்லை என்பதற்காகத் தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், தனக்குத் தெரியாது என்பதை இன்சார்ஜ் சிஸ்டரிடம் அப்போதே சொல்வதில் வெட்கம் எதுவுமில்லை.

பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாமல் வெள்ளைப் பெட்டியில் நேராகப் போட வேண்டும். கையில் குத்திவிட்டால், டியூட்டி முடியட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டுத் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

கடைசியாக, ஓவர் கொடுப்பது, அதாவது டியூட்டி முடிந்து நோயாளிகளை அடுத்த செவிலியரிடம் ஒப்படைப்பது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பணிக்கு வந்துபோகிறவருக்கு மனம் பேருந்து நேரத்தில் இருப்பது இயல்பு. ஆனால் மேசையருகே நின்றபடி "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. படுக்கை படுக்கையாக நடந்து, ஊசி ஏற்றிய கை வீங்கியிருக்கிறதா, சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கொடுக்காமல் விடுபட்ட மருந்து எது என்பதை அடுத்தவர் தம் கண்ணாலேயே பார்க்கும்படி காட்ட வேண்டும். எல்லோரையும் அப்படிக் காட்ட நேரமில்லாத காலையில், கவலைக்கிடமானவர்களையும் இரவில் புதிதாகச் சேர்ந்தவர்களையுமாவது காட்டிவிட்டு, மற்றவர்களின் விவரத்தை எழுதிக் கொடுத்த பிறகே கிளம்ப வேண்டும்.